ஐஸ் வைக்கக் கூடாத ரத்தம்

ரத்தம் எடுக்கிறவனுக்கு ஊரில் இரண்டு விதமான மரியாதை உண்டு: சும்மா எதிரே வந்தால் சந்து மாறிப் போவார்கள், வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் விடிவதற்குள் சைக்கிளை மிதித்து நம் வாசலில் வந்து நிற்பார்கள்.

போடிநாயக்கனூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக எழுபதுகளின் நடுவில் சேர்ந்தவன் நான். பெயர் கணேசன். பஜாரில் ஏற்கெனவே நாலு கணேசன் இருந்ததால் எனக்கு 'ரத்தக் கணேசன்' என்று பெயர் விழுந்தது. நாளடைவில் கணேசன் உதிர்ந்து ரத்தம் மட்டும் மிஞ்சியது. ஒரு கல்யாணப் பந்தியில் தெரிந்தவர் ஒருவர் "ரத்தத்துக்கு ரசம் ஊத்துப்பா" என்று உரக்கச் சொல்ல, பக்கத்து இலைக்காரர் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை என்று வெள்ளைக் கோட்டுக்குள் வேர்த்து வழிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். மற்றவர்கள் 'இப்படியும் ஒருத்தன் இருந்தானா' என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

பிரிட்ஜுக்குக் காவல்

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் ஒன்றே. ரத்தம் என்றால் குளிர். எடுத்த கையோடு பிரிட்ஜில் வை, நாலு டிகிரி, அதற்கு மேல் ஏறவிடாதே. இதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். பெரிய டாக்டர் தன் மோர்ச் செம்பை உள்ளே வைக்க வந்தபோதுகூட, "சார், கதவு திறந்தா ரெண்டு டிகிரி போயிடும்" என்று திருப்பி அனுப்பியவன் நான். அவர் பாவம், என் சம்பளத்துக்கு அவர்தான் கையெழுத்துப் போடுகிறார் என்பதை மறந்துவிட்டு மோரோடு திரும்பிப் போனார்.

ஒரு சித்திரை மத்தியானம் கரண்டு போயிற்று. வருகிற வழியாக இல்லை. ஐஸ் பாக்டரிக்கு சைக்கிளில் பறந்து, சாக்கில் சுற்றிய ஒரு பாளத்தை மடியில் ஏந்தி, ஒற்றைக் கையால் ஓட்டி வந்தேன். தேர்முட்டி பக்கம் விழுந்து எழுந்தேன். வந்து சேர்ந்தபோது பாளத்தில் பாதி இருந்தது. மீதிப் பாதி என் பேண்ட்டில் இருந்தது. பாட்டில்களைச் சுற்றி ஐஸ் துண்டுகளை அடுக்கிவிட்டு, கடமை முடித்த பெருமையில், பல் கிட்டித்துப்போய் நின்றேன். எங்கள் சிஸ்டர் ஸ்டெல்லா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, ரத்தத்தை நாலு டிகிரில வச்சுட்டீங்க. நீங்க எத்தனை டிகிரில இருக்கீங்கன்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கட்டுமா?"

பேச்சிக்கு வேண்டிய பொருள்

இந்தக் குளிர்ப் பைத்தியம் எண்பதுகளில் என்னை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதுதான் மீதிக் கதை. குரங்கணிப் பாதையில் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்த மாயாண்டி ஒரு நாள் தன் மனைவி பேச்சியைக் கூட்டிவந்தான். இருபத்திரண்டு வயது. தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற பெண். கையிலும் காலிலும் யாரோ அடித்த மாதிரி நீலம் நீலமாகத் தடம். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பிளேட்லெட் என்று ஒன்று உண்டு. தட்டணு என்று தமிழில் எழுதுவார்கள். சோற்றில் சீரகம் கிடக்கிற மாதிரி சிவப்பணுக்களுக்கு நடுவே பொடிப்பொடியாகக் கிடக்கும். ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைக்கிற வேலை அதற்கு. பேச்சியின் ரத்தத்தில் சோறு இருந்தது, சீரகம் இல்லை. அணுக்கள் தெரிவதற்காகப் போடுகிற என் சாயம்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்து மூன்று தரம் தடவிப் பார்த்தேன். சாயம் நன்றாகத்தான் இருந்தது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ரத்த வங்கியைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா எனக்கு டிரங்க் கால் போட்டார். காய்ச்சலுக்கு என்று பேச்சி எங்கோ வாங்கி விழுங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டதாம். ஒன்றிரண்டு மாதத்தில் தானாக எழுந்துகொள்ளும். அதுவரைக்கும் தட்டணு ஏற்றித் தாங்க வேண்டும். இல்லையென்றால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். ஒவ்வொரு தடவைக்கும் நாலைந்து பேர் ரத்தம் வேண்டும். தோட்ட வேலையை விட்டு அத்தனை பேர் மதுரைக்கு வர முடியாது. "நீங்க அங்கேயே எடுத்து அனுப்புங்க. ரெட்டைப் பிளாஸ்டிக் பை தர்றேன், கண்ணாடி பாட்டில் ஆகாது. எடுத்து ஆறு மணி நேரத்துக்குள்ள என் கைக்கு வரணும். முக்கியமா, ஐஸ் வைக்காதீங்க" என்றார்.

கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். ஆனால் மதுரையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு நம் ஊர் பஸ்ஸின் வெக்கை என்ன தெரியும் என்று நினைத்து, முதல் நாலு பைகளையும் இரட்டிப்பு ஐஸில் புதைத்து, மதுரை போகிறவர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மறுபடியும் டிரங்க் கால். குளிர் பட்டால் தட்டு மாதிரி இருக்கிற அணு முள் முளைத்த உருண்டையாக மாறிவிடும், உடம்பில் ஏற்றினாலும் தங்காது என்று பொறுமையாக விளக்கினார். சிவப்பணு வீணாகவில்லை, வேறு நோயாளிகளுக்கு ஆகும் என்று ஆறுதலும் சொன்னார். பிறகு, கோபமே இல்லாத குரலில்: "கணேசன், நீங்க அனுப்பினது ரத்தம். நான் கேட்டது அதுக்குள்ள இருக்கிற ஒண்ணு. அதை வழியிலேயே கொன்னுட்டீங்க."

பஸ்ஸில் சூடான இடம்

அந்த வாரம் மாயாண்டியே நாலு பேரைக் கையைக் காலைப் பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனான். அதில் பேச்சிக்குச் சில நாள் ஓடியது. அடுத்த தடவை நானே பைகளோடு பஸ் ஏறினேன். ஐஸ் இல்லை. அட்டைப் பெட்டி, சுற்றிலும் பஞ்சு, உள்ளே தெர்மாமீட்டர். இருபதிலிருந்து இருபத்து நாலு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று சந்தை நாள். கூட்டம் என்னைப் பின் வாசலில் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டியும் நானுமாகக் கம்பியில் ஒட்ட வைத்தது. கண்டக்டர் நல்ல மனுஷர். பெட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். "குளிரு மட்டும் படக் கூடாதுண்ணே" என்று, புதிதாக மதம் மாறியவனின் தீவிரத்தோடு மூன்று தரம் சொன்னேன். அவர் பெட்டியைப் பயபக்தியோடு வாங்கி, தலைகளுக்கு மேலாகக் கைமாற்றி முன்னால் அனுப்பினார்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் இறங்கியதும் முன்னால் போய்ப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடிமேல், சாமி ஊர்வலத்தில் பல்லக்கு மாதிரி அமர்ந்திருந்தது பெட்டி. தெர்மாமீட்டரை எடுத்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கண்டக்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "குளிரு ஆகாதுன்னுதான சார் சொன்னீங்க? நம்ம பஸ்சுலயே குளிராத எடம் எஞ்சின் மூடிதான்."

எல்லோரையும் கேட்டேன், ஒருவனைத் தவிர

மூன்றாவது முயற்சிக்கு மாயாண்டி தன் முதலாளியிடம் கெஞ்சி ஜீப்பை ஒரு நாளைக்கு வாங்கினான். தை மாதக் காலை, காற்றில் வெக்கை இல்லை. பெட்டிக்குள் இருபத்து மூன்று டிகிரி நின்றது. ரத்தம் கொடுத்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றுகிற பலசாலிகள். நாலாவது ஆள் நான். 'கெட்டுப் போனதற்குப் பிராயச்சித்தம்' என்று நானே படுத்துக் கையை நீட்டி, ஸ்டெல்லாவை ஊசி போடச் சொன்னேன். மாயாண்டி பெட்டியோடு மதுரைக்குக் கிளம்பியபோது, ஊரிலேயே நின்றுகொண்ட எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ரத்தத்திலிருந்து தட்டணுவைப் பிரிக்கும் எந்திரத்தில் வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மா மதுரையிலிருந்து போனில் கேட்டார்: "கொடுத்தவங்க யாரும் மூணு நாளைக்குள்ள வலி மாத்திரை சாப்பிடலையே?" சில வலி மாத்திரைகள் தட்டணுவை மந்தமாக்கிவிடுமாம்; ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா மிதக்குமாம். லோடுமேன்கள் மூவரையும் பிடித்துக் கேட்டேன். தினமும் காலை டீயோடு இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை போடாவிட்டால் மூட்டை நகராது என்று மூவரும் சொன்னார்கள். "முன்னாடியே சொல்ல வேண்டாமா? படிக்காத ஜனங்களை வச்சுக்கிட்டு..." என்று நான் ஆரம்பித்தேன். அப்போதுதான் ஸ்டெல்லா என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த தலைவலி மாத்திரை அட்டையை உருவி மேசைமேல் வைத்தார். ஒரு வாரமாக இந்தக் கவலையில் எனக்கு மண்டையிடி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாலில் நாலும் போயிற்று. "அண்ணே, ஊரையெல்லாம் நிக்க வச்சுக் கேள்வி கேட்டீங்க. கண்ணாடி முன்னால நின்னும் ஒண்ணு கேட்டிருக்கலாம்ல?"

மெட்டில் நடந்தது

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போடிமெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பேச்சியோடு வேலை பார்த்த ஐந்து பேர், மாத்திரை எதுவும் தொடாதவர்கள், ரத்தம் தரத் தயார் என்றார்கள். மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் மாயாண்டியின் ஜீப்பில் நானே மேலே போனேன். காலை ஏழு மணி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. ரத்தம் எடுத்து, மருந்தறை மேசைமேல் ஐந்து பைகளை அடுக்கி நிமிர்ந்தால் சுவர்த் தெர்மாமீட்டரில் பன்னிரண்டு டிகிரி. ஐஸ் வைக்காதே என்றார்கள். மலையே ஐஸாக இருந்தால் என்ன செய்வது? பக்கத்தில்தான் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். உள்ளே இரவும் பகலும் விறகு எரிந்து அறை முழுக்கத் தணல் வெக்கை. ஒரு ஐந்து நிமிஷம் வைத்துக் குளிரை முறித்து எடுத்துவிடலாம் என்று அடித்தட்டில் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வெளியே பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். கங்காணி பேச்சுக் கொடுத்தார். தட்டணு என்றால் என்ன, அது எப்படி ஓட்டையை அடைக்கிறது என்று நான் விளக்கினேன். கைதட்டாத குறை. அரை மணி போனது தெரியவில்லை. கதவைத் திறந்தபோது பைகளைத் தொட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஏலக்காய் வாசனையோடு கொதித்துக் கிடந்தன. எதற்கும் ஆகாது, சிவப்பணுகூட மிஞ்சாது. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட குட்டன் சேட்டன் தலையைச் சொறிந்தார். "எந்தா சாரே, காய் பதமாகுறதுக்கு எத்தர மணி நேரமுன்னு எனக்கு அறியும். ரத்தத்துக்கு எத்தரன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் பாத்து எடுத்திருப்பேனே."

கீழே இறங்கும்போது மாயாண்டிதான் ஜீப்பை ஓட்டினான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறவன், அன்று ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஐந்து பேர் ரத்தம். தர வந்தவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி என்று தெரிந்து நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்ப, தன் தங்கையைக் கூட்டி வந்து படுக்க வைத்திருந்தாள். திட்டிவிட மாட்டானா என்று எனக்கு இருந்தது. மலையடிவாரத்து முந்தல் வந்ததும் ஜீப்பை ஓரம் கட்டி முகம் கழுவிவிட்டு வந்தான். "அண்ணே, அவ பல்லு வெளக்க மாட்டேங்குறா. ரத்தம் வந்துருமுன்னு பயந்து வெறுந் தண்ணியக் கொப்பளிச்சுத் துப்புறா. உங்களக் கொற சொல்லல. வெரசாப் பழகிக்கிடுங்க, அம்புட்டுத்தான்."

"யாருக்குப் போகுது?"

எஸ்டேட்டில் நடந்தது ஊருக்குள் வந்து சேர எனக்கு முன்பே ஜீப்பு பிடித்துவிட்டது போல. 'கணேசன்கிட்ட ரத்தம் குடுத்தா மசாலா போட்டு வறுத்துப்புடுவான்' என்று பஜாரில் பேச்சு. இனி யார் கையை நீட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்தபோது, ராசிங்காபுரத்திலிருந்து சின்னச்சாமி வந்தார். தோப்பும் வயலும் உள்ள பெரிய சம்சாரி. வெள்ளை வேட்டி, வாசலில் அவருடைய அம்பாசடர் கார். பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது யாருக்குப் போகுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தக் கேள்வியின் அர்த்தம் என்ன என்று பத்து வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியும். எந்த ஆள், எந்தத் தெரு, என்ன சாதி. ஏற்கெனவே மனம் வெந்திருந்த நான் எழுந்து நின்றுகொண்டேன். மைக்ராஸ்கோப்பைக் காட்டி, இதற்குள் பார்த்தால் எல்லா ரத்தமும் ஒரே நிறம்தான் என்றேன். பாகுபாடு பார்க்கிறவர் ரத்தம் எனக்கு வேண்டாம் என்றேன்.  துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, பத்து நிமிஷம் முழுசாகக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்: "நான் சாதி கேக்கல தம்பி. மதுரையில எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம்னு கேட்டேன். பஸ்சுல போனா பொருள் கெட்டுப்போகுதாம்ல, நம்ம காரக் கொண்டாந்துருக்கேன்."

தெர்மாமீட்டரும் சோடாக் கடையும்

கார் கிடைத்தது. மாசி வெயிலும் கூடவே கிடைத்தது. காருக்குள் இருபத்திரண்டு டிகிரிக்கு எங்கே போவேன்? அன்று முழுக்கத் தெர்மாமீட்டரும் கையுமாக ஊரைச் சுற்றினேன். ஈரத் துண்டு, வாழை மட்டை, கிணற்றுப் படி, கோயில் கல்மண்டபம் என்று கண்ட இடத்தில் எல்லாம் வைத்துப் பார்த்தேன். 'கணேசனுக்கு என்னமோ ஆயிப்போச்சு, மண்டபத்துக்குக் காய்ச்சல் பாக்குறான்' என்று ஒரு அம்மா இரக்கப்பட்டார். தாகம் எடுத்துச் சுலைமான் பாயின் சோடாக் கடையில் நின்றேன். பாயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வழக்கமாக ரத்தம் தருகிறவர். கோலி சோடாவை ஈர மணல் தொட்டியில் புதைத்து வைத்திருப்பார். எடுத்துக் கொடுத்த பாட்டில் ஜில்லென்றும் இல்லை, வெதுவெதுவென்றும் இல்லை. குடிப்பதை நிறுத்திவிட்டுத் தெர்மாமீட்டரை மணலில் குத்தினேன். இருபத்திரண்டு.

மறுநாள் காலை சின்னச்சாமியோடு பாயும் படுத்து ரத்தம் கொடுத்தார். எழுந்ததும் பெரிய மரப்பெட்டியில் மணலைக் கொட்டி நனைத்து, தானே சோடா பாட்டில்களை அடுக்கி நடுவில் இடம் விட்டார். சின்னச்சாமி, பாய், இன்னும் மூன்று பேர் என ஐந்து பைகளையும் துணியில் சுற்றி அந்த இடைவெளியில் உட்கார வைத்தோம். பாய் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். "மாப்ளே, திரும்பி வர்றப்ப சோடாவ மட்டும் கவனமாப் பிரிச்சு எடு. கலர் சோடா கேட்டு வர்றவன் கையில ஒண்ணு மாறிப் போச்சுன்னா என் யாவாரம் அன்னையோட முடிஞ்சிரும்."

மினுமினுப்பு

ரத்தம் கொடுத்த உடம்போடு ஓட்டக் கூடாது என்று சின்னச்சாமியிடம் மன்றாடி, மாயாண்டியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தோம். சின்னச்சாமி முன் சீட்டிலிருந்து வாயால் ஓட்டினார். ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் ஜன்னலில் தலையை நீட்டி, "ஓரங்கட்டுய்யா, உசுரு போகுது" என்று கத்தினார். எந்த உயிர் என்று தெரியாமலே எல்லோரும் ஒதுங்கினார்கள். உசிலம்பட்டி தாண்டி ஒரு குழியில் கார் விழுந்து எழுந்தபோது பின்னால் டமார் என்று ஒரு சோடா வெடித்தது. மாயாண்டி பிரேக்கை மிதிக்க, நான் பெட்டிமேல் குப்புற விழுந்தேன். முகம் முழுக்க மணல். பைகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுக்கும் சேதமில்லை. எனக்கு நெற்றியில் புடைத்திருந்தது. மாத்திரை போடலாமா என்று சின்னச்சாமி கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் டாக்டரம்மா கையில் பெட்டி. மணலையும் சோடாவையும் அவர் ஒரு பார்வை பார்த்தார். தெர்மாமீட்டரை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்துப் பெஞ்சில். எந்திரம் சுற்றுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. நின்றது. மறுபடி சுற்றியது. எனக்கு மனதுக்குள் இதுவரை செய்த ஒவ்வொரு தப்பும் வரிசையாக வந்து போயிற்று. புதிதாக எதைச் செய்திருப்பேன் என்றும் தேடிப் பார்த்தேன். மாயாண்டி காரின் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தான்.

டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உள்ளங்கை அகலப் பை ஒன்றில் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் திரவம். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தார். கண்மாய்த் தண்ணீர் மேல் காற்று போனால் ஒரு மினுமினுப்பு ஓடுமே, அது உள்ளே ஓடியது. குளிர்ந்தோ வெந்தோ செத்துப்போனால் இது ஓடாதாம். வெறும் மங்கலாகக் கிடக்குமாம். பத்து வருஷத்துக்கு மேல் ரத்தத்தோடு குடித்தனம் நடத்தியவன், அது அப்படி மின்னும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் என்னவோ பட்டது. மணல் என்று சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா பையை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "கணேசன், இன்னிக்கு எல்லாரும் உயிரோட வந்து சேர்ந்திருக்காங்க."

தலைகளின் எண்ணிக்கை

அன்று சாயங்காலமே பேச்சிக்கு ஈறில் கசிவு நின்றது. பிறகு வாரம் ஒரு தடவை கார் போயிற்று. சிலமலையிலிருந்து பத்துப் பேர் ஒரே நாளில் வந்து நின்று, நாலு பேர் போதும் என்றதும் கோபித்துக்கொண்டார்கள். ஒரு தடவை வழியில் தாமதமாகி ஆறு மணி நேரம் தாண்டிப் பைகள் கெட்டன. அதுவும் என் தப்புதான், பஞ்சர் பார்க்கிறேன் என்று நட்டைத் தொலைத்தவன் நான். பங்குனி முடிவில் பேச்சியின் மஜ்ஜை தூக்கம் கலைந்து தானே வேலைக்குத் திரும்பியது. சித்திரையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வாரா வாரம் பரிசோதனைக்கு என்னிடம் வர வேண்டும். முதல் நாள் விரலில் குத்திவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தவன் நிமிரவே இல்லை. சோறு முழுக்கச் சீரகம். எண்ணினேன், எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி எண்ணினேன். பெருமையாக ஒரு சின்னப் பிரசங்கம் செய்யலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். பேச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. விரலைப் பஞ்சில் அழுத்திக்கொண்டு, வாசலில் நின்ற மாயாண்டியைக் கண்ணால் காட்டினாள். "அண்ணே, இருபத்தாறு பேரு ரத்தம் எனக்குள்ள போயிருக்குன்னு அவருதான் கணக்குச் சொல்றாரு. இனி வீட்டுல நான் ஒரு வார்த்த பேசுனா இருபத்தாறு பேரு பேசுன மாதிரின்னு நீங்களே அவருகிட்ட எடுத்துச் சொல்லிருங்க."

இத்தனை வருஷம் ரத்தம் எடுத்ததில் நான் கண்டது இதுதான்: வழியில் கெட்டுப்போன பைகளுக்கெல்லாம் நான் ஒருத்தனே பொறுப்பு, கெடாமல் போய்ச் சேர்ந்த பைகளுக்குத்தான் ஊரில் பாதிப்பேர் வேண்டியிருந்தது.